எடைமேடைக்காரரின் காற்றுப் பெட்டி

ஒரு ஜோடி செருப்பு வாங்க மாடிவீட்டுக்காரருக்கு நான்கு மாதம் ஆனது. ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் இது எல்லாருக்கும் தெரியும். ஏனென்றால் அந்த நான்கு மாதமும் அவர் எங்கள் எல்லாருடைய செருப்புகளையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டார். வாசலில் கழற்றிப் போட்டிருப்பதைத் தூக்கி, வளைத்து, அடிப்பாகத்தை விரலால் தட்டி, எங்கே வாங்கியது, எத்தனை மழை பார்த்தது என்று விசாரிப்பார். கடைசியில் அவர் மனைவி பொறுமை இழந்து ஒரு ஜோடி வாங்கி வந்து வைத்தார். அவரும் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து என்னிடம், "இதவிட அந்தக் கறுப்பு நல்லா இருந்திருக்குமோ?" என்று கேட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நானும் என் கணவரும் அந்தக் காம்பவுண்டின் கீழ்ப்பகுதியில் இருந்தோம். நான் மண்ணடியில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். இந்தச் செருப்புக்காரர் மாடியில் இருந்தார். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு எடைமேடையில் எழுத்தர் வேலை. லாரி மேடைமேல் ஏறி நிற்கும், முள் ஆடும், அது ஆடி அடங்கும்வரை காத்திருந்து சீட்டு எழுதிக் கொடுப்பார். எதிர்ப் போர்ஷனில் இருந்த இப்ராகிம் பாய், அவருடைய குணத்துக்கு அந்த வேலைதான் காரணம் என்று சொல்வார்.

"நாள் பூரா முள்ளு நிக்கறதுக்குக் காத்துகினு கீறாரு. வூட்லயும் அதே பழக்கம் வந்துருச்சி."

பாய் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டுபவர். காம்பவுண்டில் யாருக்கும் பட்டப்பெயர் வைக்காமல் விட்டதில்லை. எதைக் கேட்டாலும் 'பாப்போம்' என்று பதில் சொன்னதால், மாடிக்காரருக்குப் 'பாப்போம் சார்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. அந்தப் பெயர் பொருத்தம்தானா என்று மட்டும் கொஞ்சநாள் யோசித்திருப்பார்.

அவரோடு பஸ்ஸுக்கு நிற்பது ஒரு சோதனை. கூட்டமாக வரும் பஸ்ஸை விட்டுவிடுவார், அது சரி. காலியாக வரும் பஸ்ஸையும் விட்டுவிடுவார், ஏன் காலியாக வருகிறது என்று யோசித்து. ஒருமுறை எனக்கு மிக்ஸி வாங்க உதவுகிறேன் என்று கூட வந்தார். மூன்று கடை ஏறி இறங்கினோம். ஒவ்வொன்றையும் ஓட்டச் சொல்லிக் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். வெறுங்கையோடு திரும்பி வந்தோம். அன்றைக்கும் நான் அம்மியில்தான் அரைத்தேன்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா இதற்கு நேர்மாறு. காம்பவுண்டு வாசலில், தெருவைப் பார்த்த மாதிரி மஞ்சள் போர்டு போட்டு ஒரு எஸ்டிடி பூத் வைத்திருந்தார். யாருக்கு யாரிடமிருந்து எப்போது போன் வரும், யார் பேசிவிட்டு அழுவார்கள், யாரைப் பேசவிடாமல் திருப்பி அனுப்ப வேண்டும், எல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. துபாயிலிருக்கும் புருஷனோடு பேச வரும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த பூத்தை விட்டு அக்காவைத் தனியாக நினைத்துப் பார்க்கவே முடியாது.

ஆனால் அக்காவுக்கு மூச்சிரைப்பு இருந்தது. எங்கள் தெருவில் கடல் காற்று தனியாக வராது. துறைமுகத்து நிலக்கரித் தூளும் சேர்ந்து வரும். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். வெள்ளைத் துணியை யாரும் மொட்டை மாடியில் காயப்போட மாட்டோம். போதாததற்கு, தெருக்கோடியில் நாளெல்லாம் கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு நிற்கும். டாக்டர் ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொன்னார். சாத்தி வைத்தால் அந்தச் சின்ன அறை அடுப்பாகிவிடும். திறந்தால் கரி, மூடினால் புழுக்கம். இரண்டிலும் அக்கா தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். அடுத்த முறை போனபோது டாக்டர், முடிந்தால் இந்தப் பக்கத்தை விட்டுப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

காற்றுப் பெட்டி யோசனையைப் பாப்போம் சார் தலையில் போட்டது பாய்தான். கப்பலின் கீழ்த்தட்டு அறைகளில் ஜன்னலே கிடையாது, குழாய் வழியாகச் சுத்தமான காற்று உள்ளே வருகிறது, கெட்ட காற்று வேறு வழியாகப் போகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். சொன்னதைப் பாய் அடுத்த நிமிடமே மறந்திருப்பார். பாப்போம் சார் மறக்கவில்லை. மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். அதைக் கடையில் நின்று ஒரே தடவையில் வாங்கினார் என்று கேள்விப்பட்டதும் எங்களுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'நல்லது', வலது பக்கம் 'கெட்டது'. எந்த மோட்டார், எந்த வடிகட்டி என்றாலும் இரண்டு பக்கமும் எப்போதும் சமமாகவே இருக்கும். முள் நடுவிலேயே நிற்கும்.

முதலில் சமையலறையில் மாட்டுகிற எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைத் திருப்பி, வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிற மாதிரி ஜன்னலில் பொருத்தினார். சும்மா ஓடவிட்டபோது நன்றாகவே காற்று வந்தது. யானைக்கவுனிக்குப் போய்த் தடிமனான கம்பளித் துணி வாங்கி வந்து முன்னால் கட்டியதும் காற்று நின்றுவிட்டது. ஃபேன் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. ஊதுபத்தி கொளுத்திக் காட்டினார். புகை நேராக மேலே போனது. துணியை எடுத்துவிட்டு மெல்லிய ஸ்பாஞ்சை வைத்தார். காற்று வந்தது, கரியும் வந்தது. அதற்கு நேராகக் கட்டி வைத்த வெள்ளைக் கைக்குட்டை இரண்டே நாளில் சாம்பல் நிறமாகிவிட்டது. தூசியை நிறுத்துகிற துணி காற்றையும் நிறுத்துகிறது, காற்றை விடுகிற துணி தூசியையும் விடுகிறது என்று என்னிடம் வந்து சொன்னார். ஏதோ குடும்பச் சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதைக் கண்டுபிடித்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

இலை இலையாக இருக்கும் ஃபேனுக்கு முன்னால் தடை வைத்தால் அதற்குத் தள்ளத் தெரியாது, நத்தை மாதிரி சுருண்ட கூட்டுக்குள் சக்கரம் சுற்றுகிற ஊதிதான் வேண்டும் என்று எடைமேடைக்கு வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே ஒரு பட்டறையிலிருந்து, உலையை ஊதுகிற ஊதி ஒன்றை இரவலாகத் தூக்கிக்கொண்டு வந்தார். கம்பளித் துணியைக் கட்டி அதை ஓடவிட்டபோது நான் மாடியில்தான் இருந்தேன். காலண்டர் ஆணியோடு பிய்ந்து விழுந்தது. தட்டில் சலித்து வைத்திருந்த அரிசி மாவு அறை முழுக்கப் பறந்தது. சத்தத்தில் கீழே பாயின் சின்னப் பெண் விழித்துக்கொண்டு அழுதாள். அக்கா தலையெல்லாம் மாவோடு கட்டிலில் உட்கார்ந்து, இருமலுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தார். தூசி வரவில்லை என்பதைப் பாப்போம் சார் நோட்டில் 'நல்லது' பக்கம் எழுதிக்கொண்டார்.

அப்புறம், பழைய வண்டி, மோட்டார் உதிரிகள் விற்கும் புதுப்பேட்டைக்குப் பல நடை. கழற்றிப் போட்ட பழைய ஜன்னல் ஏசியிலிருந்து எடுத்த ஊதி ஒன்று கிடைத்தது. அணில் கூண்டு மாதிரி சின்னச் சின்னத் தகடுகள் வைத்த உருண்டைச் சக்கரம். கூடவே, அதைவிடப் பெரிய இன்னொன்றும் கிடைத்தது. எதை வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் வாங்கி வந்தார். பெரியது வேகமாகத் தள்ளும், ஆனால் இரையும். சின்னது இரையாது, ஆனால் போதுமா தெரியாது.

வடிகட்டிக்கு ஒரு லாரி டிரைவர்தான் வழி சொன்னார். கரி ஏற்றுகிற யார்டுக்குள்ளேயே நாளெல்லாம் நிற்கிற லாரி, அதன் எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டு, மூடியைத் திறந்து உள்ளே இருந்த ஏர் ஃபில்டரைக் காட்டியிருக்கிறார். மடிப்பு மடிப்பாகக் காகிதம் வைத்த குடம் மாதிரி ஒரு உருளை. அவர் தூக்கிப்போட்ட பழைய ஃபில்டர் ஒன்றை இவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, பிளேடால் அறுத்து, அந்த மடிப்பையெல்லாம் பிரித்தார். மாடிப்படியிலிருந்து ஆரம்பித்த காகிதம் குழாயடி வரைக்கும் போனது. நாங்கள் எல்லாரும் இரண்டு பக்கமும் நின்று பார்த்தோம். இவ்வளவு நீளமான காகிதம் சின்ன உருளைக்குள் மடிந்து உட்கார்ந்திருப்பதால்தான், அது காற்றை நெருக்காமல் தூசியை மட்டும் பிடிக்கிறது என்று விளக்கினார். குரலில் அத்தனை சந்தோஷம். அப்படியானால் இதுதானே என்று கேட்டேன்.

"கம்பளித் துணிய ரெண்டு மடங்கு பெருசாக்கிக் கட்டினா இன்னா ஆவும்னு இன்னும் பாக்கலியே," என்றார்.

இப்படியே மழைக்காலம் போய்விட்டது. இரண்டு ஊதி, மூன்று வடிகட்டி, ஒரு நிறைந்த நோட்டு. அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் ஒரு நாள் நான் ஊருக்குப் பேச பூத்துக்குப் போயிருந்தபோது, ஆரணியிலிருந்து அக்காவுடைய அண்ணன் பேசினார். அக்கா அதிகம் பேசவில்லை. சரி, சரி என்றே சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழம வரானாம். துணியெல்லாம் எடுத்து வச்சிக்கச் சொல்றான். அங்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடையும் பாத்துட்டானாம், பூத் வைக்க."

என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"போவ மாட்டேன்னு சொல்ல எனக்கு மூச்சு இல்லடி. இங்க மூச்சு வுட முடிஞ்சா இங்கயே இருப்பேன். அவருகிட்டயும் அதத்தான் சொன்னேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"இன்னா சொல்வாரு. பாப்போம்னாரு."

வழக்கமாக இதைச் சொல்லி அக்கா சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

பாப்போம் சார் லீவு போட்டுவிட்டார். லீவு போடலாமா வேண்டாமா என்று எங்களில் யாரையும் கேட்கவில்லை. அதிலிருந்தே எனக்கு விஷயத்தின் தீவிரம் புரிந்தது. புதன்கிழமை நான் வேலையிலிருந்து திரும்பி வரும்போது காம்பவுண்டு வாசலில் நோட்டோடு நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்து மூன்று நாள் இருக்கும். பெரிய ஊதியா சின்ன ஊதியா, துணியா காகிதமா, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது.

"ராயபுரத்துல எல்லாரையும் கேட்டுட்டீங்கண்ணா. அக்காவக் கேட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு ஆள் வீட்டில் இருப்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தவர் மாதிரி. அவளுக்காகத்தானே செய்கிறேன் என்று ஏதோ முனகினார். பிறகு நேரே பூத்துக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

போன் பேசி முடித்த ஒரு பெண்ணை அனுப்பிவிட்டு அக்கா நிமிர்ந்தார். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நோட்டைத் திறக்கவில்லை.

"உனக்கு எப்படி இருந்தா நல்லா இருக்கும்?"

அக்கா யோசிக்கவே இல்லை.

"வேகமா வர வேணாம். மெதுவா வந்தாப் போதும், நிக்காம வரணும். சத்தம் போட்டா எனக்குத் தூக்கம் வராது. தூங்காத அன்னிக்குத்தான் ரொம்ப இழுக்குது."

அவர் தலையாட்டினார். அக்கா கண்ணாடி பூத்தைக் கையால் காட்டினார்.

"இன்னொண்ணு. இதுக்குள்ள கதவ மூடினா முன்ன புழுங்கிச்சி இல்ல? மேல ஒரு சந்து வுட்டதுக்கு அப்புறந்தான பேசறவங்க வேர்க்காம வெளிய வராங்க. நீ உள்ள ஊதிகினே இருந்தா, உள்ள கீற காத்து எங்க போவும்? அதுக்கு ஒரு வழி வச்சியா?"

அவர் வைத்திருக்கவில்லை. ஆறு மாதமாக, நிறைந்த அந்த நோட்டில் எந்தப் பக்கத்திலும் அது இல்லை. உள்ளே வருகிற காற்றைப் பற்றி ராயபுரம் முழுக்க விசாரித்தவர், வெளியே போகிற காற்றைப் பற்றி ஒருவரையும் கேட்கவில்லை. அவர் எழுந்து, "சின்னது. காகிதம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

வியாழக்கிழமை ஒரு தச்சரைக் கூட்டிவந்து பிளைவுட்டில் பெட்டி அடித்தார். புது லாரி ஃபில்டர் ஒன்று வந்தது. ஃபில்டர் வழியாகக் காற்றை இழுத்து உள்ளே விடுகிற மாதிரி சின்ன ஊதியைப் பின்னால் வைத்து, சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை அதற்கு மாட்டினார். பெட்டி ஜன்னலோடு சேருகிற இடத்தில் சந்து இருக்கக் கூடாது என்று பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்து இறுக்கினார். அறைக் கதவுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வழி வெட்டச் சொன்னார். வெட்டுவதா வேண்டாமா என்று வீட்டுக்காரரைக்கூடக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். வழியில் போனவர்கள் சொன்ன யோசனைக்கெல்லாம் தலையாட்டினாரே தவிர, கை நிற்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் எங்களை மாடிக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு ரெகுலேட்டரை இரண்டில் வைத்து, ஊதுபத்தியைக் கொளுத்தினார். புகை கொஞ்சம் தயங்கியது. பிறகு மெதுவாகச் சாய்ந்து, கதவுக்கு மேலிருந்த வழியைக் கண்டுபிடித்து வெளியே போனது. பாய், கப்பல்தான் இது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் அண்ணன் வந்தார். கனத்த உடம்பு, கறாரான மனிதர். வந்ததும் தங்கையின் பை எங்கே என்று கேட்டார். சாப்பிட்டு முடித்ததும் பேசிக்கொள்ளலாம் என்று அக்கா மீன் குழம்பும் சோறும் போட்டார். சாப்பிட்ட பிறகு, சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே, ஒரு பத்து நிமிடம் சாயட்டும் என்று அந்த அறைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். கதவைச் சாத்தினார். நாங்கள் எல்லாரும் கீழே குழாயடியில், ஒரு வேலையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தோம். மூன்று மணி ஆனது, நாலு ஆனது. எழுப்பட்டுமா என்று பாப்போம் சார் இரண்டு முறை படியேறி, இரண்டு முறையும் பாதியிலேயே திரும்பி வந்தார்.

ஆறு மணிக்கு அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தார். பஸ் போய்விட்டது. கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தெருவைப் பார்த்தார். கன்டெய்னர் லாரி ஒன்று உறுமிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது.

"இந்தச் சத்தம் உள்ள கேக்கவே இல்லையே மாப்ள," என்றார்.

அந்த இரவு அவரை ஹாலில் படுக்க வைத்தார்கள். அக்கா அறைக்குள் படுத்தார். காலையில் அண்ணன் தனியாகவே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மூன்று மாதம் பார்க்கிறேன், அதற்கு மேல் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அன்றைக்குத் தலையணையை முதுகுக்கு வைக்காமல், படுத்தே தூங்கியிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மூச்சிரைப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் வாரத்தில் நாலைந்து நாள் இழுத்தது, மாதத்தில் நாலைந்து நாளானது. மூன்று மாதம் கழித்து அண்ணன் வரவில்லை, போன்தான் செய்தார்.

இதற்கு நடுவே ஒரு நாள், ஒன்றரை மாதம் ஆகியிருக்கும், ஃபில்டரைச் சுத்தம் செய்யப் பாப்போம் சார் மொட்டை மாடிக்குக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லாரும் அங்கே இருந்தோம். பாய் தன் சின்னப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாப்போம் சார் கப்பலுக்குச் சர்வீஸ் பண்றார் என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார். அவர் ஒரு முழு நியூஸ் பேப்பரை விரித்து, அதன்மேல் ஃபில்டரைக் கவிழ்த்து, உள்ளங்கையால் மெதுவாகத் தட்டினார்.

கரி கொட்டியது. முதலில் கொஞ்சமாக, பிறகு சரசரவென்று. தட்டத் தட்ட விழுந்துகொண்டே இருந்தது. பேப்பரில் இருந்த எழுத்துகள் மறைந்தன. ஒரு கை குவித்து அள்ளினால் வழிகிற அளவுக்குக் கறுப்பு மாவு. ஓர் அறைக்கு, ஒன்றரை மாதத்துக்கு.

அக்கா குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார். இத்தனை நாள் இது எங்கே போய்க்கொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் கீழே திறந்துதான் கிடந்தன. நான் ஆறு மாதமாக அவரைக் கேலி செய்ததை நினைத்துக்கொண்டேன். மூச்சை இழுக்கவே ஒரு மாதிரி இருந்தது. பாயின் பெண் இருமினாள். அவள் பிறந்ததிலிருந்தே இருமிக்கொண்டுதான் இருந்தாள். கடல் காற்று குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பாய் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"சார்," என்றார். பட்டப்பெயர் இல்லாமல் அவர் அப்படிக் கூப்பிட்டது எனக்கு விநோதமாக இருந்தது. "எங்க வூட்டுக்கு ஒண்ணு பண்ணித் தர முடியுமா? ஆனா எங்க ரூமு சின்னது. ஜன்னலும் தாழ்வா கீது. எந்த மோட்டார் ஒத்துவரும்னு நீ நிதானமா யோசிச்சி..."

அவர் பாயைப் பேசி முடிக்க விடவில்லை. குழந்தையைப் பார்த்தார். பேப்பரின் நான்கு மூலைகளையும் சேர்த்து மடித்து, கரி சிந்தாமல் பொட்டலமாகக் கட்டினார்.

"இதே ஊதி, இதே ஃபில்டர். யோசிக்க ஒண்ணும் இல்ல பாய். நாளைக்கு புதுப்பேட்ட போறேன், நீயும் வா," என்றார்.